ஆர்க் மோடு ஆரம்பப் பாடம்: எல்லோரும் மூன்றாம் பக்கத்தில் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக வகுப்பெடுக்கும் தம்பி ஒருவர், ஈமேக்ஸ் எடிட்டரில் உள்ள ஆர்க் மோடுக்கு (சாதாரண எழுத்துக் கோப்பிலேயே நட்சத்திரம், கோடு மாதிரிக் குறிகளைப் போட்டுத் தலைப்பு, பட்டியல், அட்டவணை எழுதுகிற வசதி) தமிழில் 14 பக்கத்தில் ஓர் ஆரம்பப் பாடம் எழுதியிருக்கிறார். தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அட்டவணை, லிங்க், வெப்பேஜாக மாற்றுவது என்று எல்லாமே அதில் உண்டு. ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் பக்கத்தைத் தாண்டியவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள். "இன்னும் எளிமையான தமிழில் எழுதணுமா அண்ணா? படங்கள் சேர்க்கணுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, பாடத்தை இரண்டு தடவை படித்தேன். தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள். படமும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பாடம் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அது சொன்னபடி திரையில் நடக்காத நேரத்தில் பக்கம் வாயே திறப்பதில்லை. புரோகிராம் தெரிந்த இருவரும் அந்த இடத்தில் தாங்களே தோண்டித் துருவி மேலே போயிருப்பார்கள். மற்ற ஏழு பேரும் "நமக்கு இது வராது போல" என்று மடிக்கணினியை மூடியிருப்பார்கள். இதைத் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் பிறகு.

நான் லாங் பஜார் பக்கம் பல வருஷம் டிடிபி கடை வைத்திருந்தவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சங்கத்துத் தீர்மானம், சீட்டுக் கணக்கு எல்லாம் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாறத் திணறிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆர்க் மோடை நான் கற்றுக்கொண்டது கடைக் கணக்குக்காக. அதன் பிறகு பத்துப் பதினைந்து பேருக்காவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள்.

முதல் தடுக்கல் நட்சத்திரத்துக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. உங்கள் முதல் பக்கத்தில் ஈமேக்ஸ் கையேடுகள் எழுதுகிற மாதிரியே விசைகளைச் சுருக்கக்குறியில் எழுதியிருக்கிறீர்கள்: ஆங்கில சி, ஒரு சிறுகோடு, அப்புறம் இன்னொரு எழுத்து. அந்த முதல் சி என்பது கண்ட்ரோல் விசை என்று பழகினவர்களுக்குத் தெரியும். சத்துவாச்சாரியிலிருந்து என்னிடம் வந்த ஓர் அக்கா அதை அப்படியே தட்டினார். சி தட்டி, சிறுகோடு தட்டி, மறுபடி சி தட்டினார். திரையில் அந்த மூன்று எழுத்தும் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. "தம்பி, நீ சொன்னதத்தான் அடிச்சேன், ஒண்ணும் ஆவலியே" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. எம் என்று எழுதினால் ஆல்ட் விசை என்பது இன்னும் விசித்திரம். அந்தக் காலத்துக் கணினிகளில் மெட்டா என்று ஒரு விசை இருந்ததன் மிச்சம் அது. ஆரம்பப் பாடத்தில் இந்தச் சுருக்கக்குறியே வேண்டாம். "கண்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சி-யைத் தட்டுங்கள், இரண்டையும் விடுங்கள்" என்று முதல் மூன்று தடவை முழுசாக எழுதுங்கள். நாலாவது தடவையிலிருந்து கண்ட்ரோல்+சி என்று சுருக்கினால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

அடுத்தது கோப்பின் பெயர். "புள்ளி ஆர்க் என்று முடியும் கோப்பை உருவாக்கவும்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விண்டோஸில் நோட்பேடில் கோப்பை உருவாக்கினால், கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருப்பதைக் கண்ணுக்கும் காட்டாது. அதை ஈமேக்ஸில் திறந்தால் சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் திறக்கும். நட்சத்திரம் போட்டாலும் நிறம் மாறாது, டேப் தட்டினாலும் மடங்காது. பாவம், அவர் உங்கள் பாடத்தின் அடுத்த 13 பக்கத்தையும் சரியாகவே செய்தாலும் ஒன்றும் நடக்காது. இதற்கு மருந்து ஒரே வரி: "திரையின் அடிப்பகுதியில் ஒரு சாம்பல் பட்டை இருக்கிறதே, அதில் ஆர்க் என்று ஆங்கிலத்தில் தெரிகிறதா? தெரியாவிட்டால் இங்கேயே நில்லுங்கள், பெயரைச் சரிபாருங்கள்." இந்த ஒரு வரியால் நான் மிச்சப்படுத்திய மணிக்கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இப்போது தலைப்பு. உங்கள் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஆர்க் மோடில் தலைப்புகள் வரியின் தொடக்கத்தில் இடப்படும் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட நட்சத்திரக் குறிகளால் குறிக்கப்படுகின்றன. நட்சத்திரங்களின் எண்ணிக்கை தலைப்பின் படிநிலையைத் தீர்மானிக்கிறது." தப்பே இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு விரல் எங்கே போக வேண்டும்? நான் இதையே இப்படி எழுதுவேன்:

"புது வரிக்கு வாருங்கள். ஒரு நட்சத்திரம் போடுங்கள். ஓர் இடம் விடுங்கள். சாமான் என்று தட்டுங்கள். இப்படி:

* சாமான்

வரி முழுக்க நிறம் மாறியிருக்கும். மாறவில்லையா? இரண்டே காரணம்தான். நட்சத்திரத்துக்கு முன்னால் இடம் விட்டிருப்பீர்கள், அல்லது பின்னால் இடம் விடாமல் இருந்திருப்பீர்கள். என்டர் தட்டி, இரண்டு நட்சத்திரம் போட்டு, இடம் விட்டு, காய்கறி என்று தட்டுங்கள். இது சாமானுக்கு உள்ளே அடங்குகிற தலைப்பு. இப்போது சாமான் என்கிற வரிக்குப் போய் டேப் தட்டுங்கள். காய்கறி மறைந்துபோய், சாமான் பக்கத்தில் மூன்று புள்ளி வந்திருக்கும். அழியவில்லை, மடங்கியிருக்கிறது. மறுபடி டேப் தட்டிப் பாருங்கள்."

"அழியவில்லை, மடங்கியிருக்கிறது" என்பதை விட்டுவிடாதீர்கள். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிற ஒருவர் இரண்டு மணி நேரம் தட்டியதைத் தெரியாத்தனமாக மடித்துவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று திரும்ப முதலிலிருந்து தட்டினார். மூன்று புள்ளியைப் பார்த்தார்தான். அதையும் தானே தட்டிவிட்டதாக நினைத்துவிட்டார். ஷிஃப்ட்+டேப் தட்டினால் கோப்பு முழுக்க மடங்கி விரியும் என்பதையும் அதே இடத்தில் சொல்லுங்கள். இன்னொன்று: பழைய பதிப்புகளில் கோப்பைத் திறந்தாலே மடித்துத்தான் காட்டும். ஆர்க் 9.4-லிருந்து விரித்துக் காட்டுகிறது. வகுப்பில் ஒருவர் மடிக்கணினியில் பழைய லினக்ஸ் இருந்தால் அவர் திரையும் பக்கத்து ஆள் திரையும் வேறுவேறாக இருக்கும். அதனால் பாடத்தின் உச்சியில் எந்தப் பதிப்பில் செய்து பார்த்து எழுதினீர்கள் என்று போட்டே ஆக வேண்டும்.

பதிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஒன்பதாம் பக்கத்தில், சிறியது-குறி போட்டு, ஆங்கில எஸ் தட்டி, டேப் அடித்தால் கோட் (புரோகிராம் வரிகள்) எழுதுகிற பெட்டி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்க் 9.2-லிருந்து அது தானாக வராது, டெம்போ என்கிற துணைப் பொதியைத் தனியாக ஏற்ற வேண்டும். இப்போதைய வழி கண்ட்ரோல்+சி, அதன் பிறகு கண்ட்ரோல்+காற்புள்ளி. பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிகிறது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் புதிதாக நிறுவிய, எந்த அமைப்பும் மாற்றாத ஈமேக்ஸில் தட்டிப் பாருங்கள். உங்கள் சொந்த ஈமேக்ஸில் ஐந்து வருஷமாக நீங்கள் மாற்றிவைத்ததெல்லாம் இருக்கும், அது பொய் சொல்லும்.

மூன்றாம் பக்கத்துக்கு வருவோம், ஏழு பேர் நின்ற இடம். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு. ஆங்கிலப் பாடங்களில் இதுதான் ரொம்பச் சுலபமான பக்கம். தமிழில் இதுதான் புதைகுழி.

உங்கள் உதாரணம் இது: "இன்று *கத்திரிக்காய்*ஐ வாங்கினேன்." நீங்களே தட்டிப் பார்த்தீர்களா? தடிக்காது. நட்சத்திரம் இரண்டும் அப்படியே நிற்கும். ஆர்க் மோடில் மூடுகிற நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளி, புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி மாதிரி ஏதாவதுதான் வரலாம். ஓர் எழுத்து வந்து ஒட்டினால் அது குறியாகவே எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால் இடைவெளிதான் வரும், அதனால் இந்த விதி அவர்கள் கண்ணிலேயே படாது. நமக்கு ஐ, ஆல், கு, இல், உடைய என்று எல்லாமே சொல்லோடு ஒட்டுகிற மொழி. பத்து வாக்கியத்தில் ஏழெட்டில் இது இடிக்கும். வாசலிலேயே தலையில் இடிக்கிற நிலைப்படி மாதிரி.

தீர்வு இரண்டு உண்டு. ஒன்று, வேற்றுமை உருபையும் உள்ளே சேர்த்துத் தடிக்க வைப்பது: "இன்று *கத்திரிக்காயை* வாங்கினேன்." தமிழுக்கு இதுதான் இயல்பு, கண்ணுக்கும் இதுதான் அழகு. பாடத்தில் இதை மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று, நட்சத்திரத்துக்கும் உருபுக்கும் நடுவில் அகலமே இல்லாத இடைவெளி எழுத்து ஒன்றை நுழைப்பது. யூனிகோடில் அப்படி ஒன்று இருக்கிறது, ஆர்க் கையேடே இந்த வழியைச் சொல்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை முதல் நாளே ஆரம்பக்காரர் கையில் கொடுத்தால், பிறகு தேடும்போதும் வெட்டி ஒட்டும்போதும் அது பேய் மாதிரி வந்து தொல்லை செய்யும். பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை. வேர்டிலிருந்தோ போனிலிருந்தோ ஒட்டினால் மேற்கோள்குறி வளைந்த குறியாக வரும். நேரான மேற்கோளுக்குள் நட்சத்திரம் போட்டால் தடிக்கும், வளைந்த மேற்கோளுக்குள் போட்டால் தடிக்காது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். உங்கள் வகுப்பில் ஒருவர் "எனக்கு மட்டும் வரல" என்று சொன்னாரே, அவர் கோப்பை வாங்கிப் பாருங்கள், பந்தயம் கட்டுகிறேன்.

சாய்வெழுத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆமாம், முழுசாக. ஒன்று, தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் பெரும்பாலும் கிடையாது. எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சரித்த மாதிரி இருக்கும். நம் அச்சு மரபிலும் அழுத்தம் கொடுக்க மேற்கோளோ தடித்த எழுத்தோதான். இரண்டாவது காரணம் விரலில் இருக்கிறது. ஆர்க்கில் சாய்வுக்குக் குறி சாய்கோடு. தமிழ்99 விசைப்பலகையில் சாய்கோடு இருக்கிற விசையில் உட்கார்ந்திருப்பது ழ. சாய்வெழுத்து போடப் போனவர்களுக்கெல்லாம் "ழமுக்கியம்ழ" என்று வந்தது. சிரித்துக்கொண்டோம், ஆனால் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

லிங்க்குக்கும் இதே கதை. லிங்க் எழுத இரட்டைச் சதுர அடைப்பு வேண்டும். தமிழ்99-ல் திறக்கும் சதுர அடைப்பு விசை ச, மூடுவது ஞ. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டும். போதாததற்கு, கடைசி அடைப்பைத் தட்டிய நொடியில் அடைப்புகள் எல்லாம் மறைந்து பெயர் மட்டும் அடிக்கோட்டோடு நிற்கும். தட்டியது எங்கே போச்சு என்று அழித்து அழித்து மறுபடி தட்டுவார்கள். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+எல் தட்டினால் ஈமேக்ஸே முகவரியையும் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆரம்பக்காரருக்கு அந்த ஒரு வழி போதும். அடைப்பை அவர் கையால் தட்டவே வேண்டாம்.

விசைப்பலகை பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்கள் பாடத்தில் இது அறவே இல்லை. லினக்ஸில் விசைப்பலகை அமைப்பையே தமிழ்99 என்று மாற்றிவைத்துக்கொண்டு தட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ட்ரோல்+சி தட்டினால் ஈமேக்ஸுக்குப் போய்ச் சேர்வது கண்ட்ரோல்+ஒ. ஏனென்றால் அந்த விசையில் ஒ இருக்கிறது. கீழே "அன்டிஃபைன்டு" என்று ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். பாடத்தில் இருக்கிற எந்தக் கட்டளையும் வேலை செய்யாது. எல்லோருக்கும் இப்படி ஆகாது, வேறு மென்பொருள் வழியாகத் தமிழ் தட்டுகிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அதனால்தான் இது இன்னும் மோசம்: வகுப்பில் பாதிப் பேருக்கு வேலை செய்யும், பாதிப் பேருக்குச் செய்யாது. ஈமேக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் இருக்கின்றன. கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டைத் தட்டினால் எந்த முறை வேண்டும் என்று கேட்கும், ஒரு தடவை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு அதே விசையில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். இந்த வழியில் தட்டினால் கண்ட்ரோல் கட்டளைகள் எதுவும் கெடாது. ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் இரண்டும் அதில் உண்டு. தமிழ்99 கைப்பழக்கம் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தேன். கட்டளை தட்டும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், போதும்.

டெர்மினலுக்குள் (கட்டளை தட்டுகிற ஜன்னல்) ஈமேக்ஸைத் திறக்க வேண்டாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். தனி ஜன்னலாகத் திறக்கிற ஈமேக்ஸ் 27 அல்லது அதற்கு மேல் இருந்தால், எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற ஹார்ஃப்பஸ் என்கிற மென்பொருள் அதில் இருப்பதால் தமிழ் ஒழுங்காக வரும்.

எல்லாம் தடுக்கலாகவே சொல்கிறேன், நல்லதும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஒன்பது பேருக்கும் மார்க்கப், அதாவது எழுத்தோடு குறி போட்டு வடிவம் சொல்கிற முறை, ஏற்கெனவே தெரியும். அவர்களுக்கே அது தெரியாது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் எழுதினால் தடிக்கும் என்பது அனேகமாக எல்லோருக்கும் பழக்கம். குடும்பக் குரூப்பில் காலை வணக்கம் அனுப்புகிற பெரியப்பா வரைக்கும் தெரியும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்: "வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அதே நட்சத்திரம்." ஒரு நிமிஷத்தில் பயம் போய்விடும். ஆனால் அங்கேயே எச்சரிக்கையும் வேண்டும். கீழ்க்கோடு வாட்ஸ்அப்பில் சாய்வெழுத்து, ஆர்க்கில் அடிக்கோடு. அலைக்குறி வாட்ஸ்அப்பில் அடித்துவிட்ட எழுத்து, ஆர்க்கில் கோட். அடித்துக்காட்ட ஆர்க்கில் கூட்டல்குறி. இதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நட்சத்திரம் ஒன்றுதான், மற்ற குறிகள் இங்கே வேறு என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

நட்சத்திரத்தில் ஒரே ஒரு பொறி மட்டும் மிச்சம். வாட்ஸ்அப் பழக்கத்தில் சிலர் பட்டியலுக்கும் வரி ஆரம்பத்தில் நட்சத்திரமும் இடமும் போடுவார்கள். ஆர்க்கில் அது தலைப்பு. வாங்க வேண்டிய பத்துச் சாமானும் பத்துத் தலைப்பாக நிற்கும். பட்டியலுக்குச் சிறுகோடு மட்டும் கற்றுக்கொடுங்கள். ஆல்ட்+என்டர் தட்டினால் அடுத்த சிறுகோடு தானாக வருகிறது என்று காட்டினால் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே வகுப்பெடுக்கலாம்.

அட்டவணை தமிழருக்குப் பிடித்த பக்கம். நாம் கணக்கெழுதுகிற கூட்டம். இதைப் பதினொன்றாம் பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள், நான்காம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் வகுப்பில் போடுவது இது:

| காய் | கிலோ | விலை |
|-
| முள்ளு கத்திரி | 3 | 150 |
| தக்காளி | 5 | 125 |

எல்லாவற்றையும் கன்னாபின்னாவென்று தட்டச் சொல்லுங்கள், கட்டம் கோணலாகவே இருக்கட்டும். இரண்டாம் வரியில் ஒரு நெடுங்கோடும் சிறுகோடும் மட்டும். இப்போது எங்காவது நின்று டேப் தட்டினால் கோடு முழுநீளத்துக்கு ஓடும், நெடுவரிசைகள் நேராக வந்து நிற்கும், எண்கள் வலப்பக்கம் ஒதுங்கும். ஆங்கிலத்தில் தட்டினால், அதாவது. தமிழில் தட்டினால் கட்டம் கோணலாகவே நிற்கும். "இன்னாபா இது, கோணையா கீது?" என்று கேட்பார்கள். ஈமேக்ஸ் எழுத்துகளின் அகலத்தைக் கட்டம் கட்டமாக எண்ணி இடம் விடுகிறது. தமிழில் மூ ஓர் அகலம், டி ஓர் அகலம், ஔகாரம் எங்கேயோ போகும். ஒரே அகலத்தில் வார்த்த ஆங்கில எழுத்துருவுக்கு ஏற்ற கணக்கு நமக்குச் செல்லாது.

இந்த இடத்தில் உங்கள் பாடம் சொல்ல வேண்டியது: "கோணலாக இருப்பது உங்கள் தப்பு இல்லை. வெப்பேஜாக மாற்றும்போது நேராகிவிடும்." இப்படி ஒரு வரி இல்லாததால் ஒரு தம்பி முக்கால் மணி நேரம் ஸ்பேஸ் தட்டித் தட்டிக் கட்டத்தை நேராக்கிக்கொண்டிருந்தான். டேப் தட்டியதும் எல்லாம் பழையபடி கோணலானது. மறுபடி ஆரம்பித்தான். உறுத்துகிறது என்பவர்களுக்கு வேலைன் என்று ஒரு பொதி இருக்கிறது, அது புள்ளி புள்ளியாக அளந்து நேராக்கிக் காட்டும். அது இரண்டாம் வாரத்துக்கு.

இப்போது வரிசை. தலைப்பு, பட்டியல், எழுத்து வகை, அட்டவணை, லிங்க், ஏற்றுமதி (வெப்பேஜாக மாற்றுவது) என்று உங்கள் பாடம் போவது ஏறக்குறைய ஆர்க்கின் கையேடு போகிற வழி. கையேடு அப்படித்தான் போக வேண்டும், தேடுகிறவருக்கு அது வேண்டும். ஆர்க் மோடை கார்ஸ்டன் டொமினிக் என்கிற வானியல் விஞ்ஞானி 2003-ல் தன்னுடைய குறிப்புகளை ஒழுங்கு பண்ணத்தான் எழுத ஆரம்பித்தார். 2007-ல் ஈமேக்ஸ் 22-ஓடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. அவர் கையில் ஒரு வேலை இருந்தது, அதற்கு ஒவ்வொன்றாகக் கருவி வந்து சேர்ந்தது. உங்கள் மாணவர் கையில் வேலையே இல்லாமல் கருவியை மட்டும் கொடுக்கிறீர்கள்.

ஒரே ஒரு வேலையை எடுங்கள். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தில் அது முடிய வேண்டும். எங்கள் பக்கத்தில் என்றால் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்கு வரவு செலவு எழுதுவது சரியான உதாரணம். குடியாத்தம்காரர்கள் இருந்தால் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கான ஏற்பாட்டை வைத்துக்கொள்ளலாம். தலைப்பு எதற்கு? சாமான், ஆள், செலவு என்று பிரிக்க. பட்டியல் எதற்கு? யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத. தடித்த எழுத்து எதற்கு? "*பந்தல்காரருக்கு அட்வான்ஸ்* கொடுக்கவில்லை" என்று உறுத்த வைக்க. அட்டவணை எதற்கு என்று சொல்லவே வேண்டாம். லிங்க் தேவைப்படவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அந்தக் கோப்புக்கு அது வேண்டாம் என்றுதான் அர்த்தம். உங்கள் பாடத்தில் "இது ஒரு மாதிரி வாக்கியம்" என்று 22 இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தைத் தடிக்க வைக்க யாருக்குத் தோன்றும்?

வெப்பேஜாக மாற்றுவதை முதல் நாளிலேயே காட்டுங்கள், கடைசியில் வேண்டாம். கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+இ, பிறகு ஹெச், ஓ (எல்லாம் ஆங்கில எழுத்து). பிரவுசரில் அழகாகத் திறக்கும். கோணல் கட்டம் நேராக நிற்கும். அப்போதுதான் இவ்வளவு நேரம் தட்டிய குறியெல்லாம் எதற்கு என்று விளங்கும். அங்கேயும் மூன்றை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். தலைப்புகளுக்கு எண் தானாக வரும். அடியில் தேதியும் "வேலிடேட்" என்று ஓர் ஆங்கிலச் சொல்லும் நிற்கும், பயப்பட வேண்டாம். "வார்டு_5" என்று கீழ்க்கோடு போட்டு எழுதியிருந்தால் 5 சின்னதாகிக் கீழே இறங்கியிருக்கும். பிடிஎஃப் ஆக்குவதை மட்டும் முதல் பாடத்தில் தொடாதீர்கள். வழக்கமாகப் போகிற பிடிஎஃப்-லேட்டெக் (அச்சுக்கோக்கும் மென்பொருள்) வழியில் தமிழ் வராது, ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக்குக்கு மாற்றி எழுத்துருவும் சொல்ல வேண்டும். அதற்குத் தனிப் பாடமே எழுதலாம், நானே எழுதித் தருகிறேன்.

இன்னொரு பெரிய மாற்றம்: 14 பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பாடத்தையே ஆர்க் கோப்பாகக் கொடுங்கள். ஈமேக்ஸின் சொந்தப் பாடமும் எடிட்டருக்குள்ளேயேதான் இருக்கிறது. கண்ட்ரோல்+ஹெச், பிறகு டி தட்டினால் அது திறக்கும், "இந்த வரியில் இதைச் செய்து பார்" என்று அதற்குள்ளேயே வேலை வாங்கும். படிக்கிற இடமும் செய்கிற இடமும் ஒன்றாக இருந்தால் கண் தாளுக்கும் திரைக்கும் அலைய வேண்டாம். மடிப்பைப் பற்றிய பாடம் மடித்த தலைப்புக்குள் இருந்தால் அதைத் திறந்தவரே பாதி கற்றுக்கொண்டார். முதல் நாள் வேடிக்கைக்குக் கண்ட்ரோல்+ஹெச் தட்டி மறுபடி ஹெச் தட்டச் சொல்லுங்கள். உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் பக்கம் வரும், அதில் தமிழ் "வணக்கம்" இருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நம்ம எழுத்து முன்னாடியே இருக்கிறது என்று பார்த்த பிறகு அவர்கள் உட்காருகிற விதமே வேறு.

கலைச்சொல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். திரையில் ஃபைல் என்று இருந்தால் ஃபைல் என்றே எழுதுங்கள். "கோப்பு" என்று முதல் தடவை பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும், பிறகு இரண்டும் புழங்கலாம். "இடைமுகப்பு", "உருப்படுத்தல்" மாதிரிச் சொற்களைத் திரையில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் எப்படிச் சோதிப்பது? 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜான் கேரல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், வேர்ட் பிராசசர் கற்றுக்கொள்ள வந்த அலுவலகப் பணியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. நடுவில் குதித்தார்கள், எதையோ அழுத்தினார்கள், ஒரு தப்பில் மாட்டிக்கொண்டு அதிலிருந்தே வெளிவர முடியாமல் திணறினார்கள். கேரல் பக்கங்களைக் குறைத்து, தப்பிலிருந்து மீள்கிற வழியைச் சேர்த்து எழுதிய சின்னக் கையேட்டில் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். நின்றுபோன ஏழு பேரில் ஒருவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள், மவுஸைத் தொடாதீர்கள். ரொம்பக் கஷ்டம், கை துறுதுறுக்கும். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வேன். அவர் எங்கே நிறுத்தினார், எங்கே உங்கள் முகத்தைப் பார்த்தார், எங்கே "ப்ச்" என்றார், அதை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் பாடத்தில் ஒரு வரி குறைகிறது என்று கணக்கு. அந்த வரியை எழுதுங்கள், வேறொருவரைக் கூப்பிடுங்கள். மூன்று பேர் போதும். நாலாவது ஆள் புதிதாக எதிலும் தடுக்க மாட்டார் என்று சொல்லவில்லை, ஆனால் பழைய இடத்தில் தடுக்க மாட்டார்.

14 பக்கத்தையும் ஒரே நாளில் திருத்த உட்காராதீர்கள். மூன்றாம் பக்கத்தை மட்டும் இந்த வாரம் எடுங்கள்: சாய்வெழுத்தை வெட்டுங்கள், கத்திரிக்காய் வாக்கியத்தை மாற்றுங்கள், சாம்பல் பட்டை வரியை முதல் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். நின்றுபோனவர்களைத் திரும்பக் கூப்பிடுகிறீர்கள் என்றால் சாயங்காலமாக வரச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் வேலூரில் யாருக்கும் எந்த மார்க்கப்பும் ஏறாது.